முகாம் விளக்குத் தேர்வு: பணி, பரப்பு, இருள் என்னும் மூன்று நோக்கில் ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

தாம்பரம், பெருங்களத்தூர், சேலையூர், மேடவாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகர்களில் வாழ்வோர், விடுமுறை வாய்த்தால் ஒன்றிரண்டு இரவுகள் வெட்டவெளியில் தங்கி வரும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர், ஏலகிரி, கொல்லிமலை என்று மலைப்பக்கம் செல்வோர் ஒரு சாரார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, கோவளம் பக்கத்துத் தனியார் இடங்களில் கூடாரம் அடிப்போர் மற்றொரு சாரார். உணவு, பாய், மருந்து ஆகியவற்றுக்கு இவர்கள் எழுதும் பட்டியல் கவனமாக இருக்கிறது. விளக்குக்கு மட்டும் அந்தக் கவனம் கிடைப்பதில்லை. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடையில் எந்த டார்ச் அதிக வெளிச்சம் தருகிறதோ அதை வாங்கிக்கொள்வதோடு தேர்வு முடிந்துவிடுகிறது.

'எது அதிக வெளிச்சம் தரும்?' என்ற கேள்வியிலிருந்து தொடங்கும் தேர்வு பிழையில் முடியும் என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்து. தேர்வு தொடங்க வேண்டிய கேள்வி வேறு: எந்தப் பணிக்கு, எந்தப் பரப்பின் மீது, எவ்வளவு ஒளி, எத்தனை மணி நேரம் தேவை? இதற்கு விடை கண்டபின், அத்தேவைக்குப் போதுமான மிகக் குறைந்த ஒளியைத் தேர்வதே முறை. 'மிகக் குறைந்த' என்று நாம் சொல்வதற்குச் சிக்கனம் ஒரு காரணம்தான். அதைவிட வலுவான காரணங்கள் மனிதக் கண்ணின் அமைப்பிலும், இரவில் நம்மோடு அந்நிலத்தைப் பகிர்ந்துகொள்ளும் உயிர்களின் வாழ்விலும் உள்ளன. அவற்றை 5ஆம் பிரிவில் காண்போம்.

மின் இணைப்பில்லாத வெளியிடத்தில் தங்குவோர் தாமே சுமந்து சென்று, தாம் கொண்டுசென்ற ஆற்றலால் எரிக்கும் ஒளியை இங்கு 'முகாமொளி' என்கிறோம். இவ்வரையறையிலிருந்து மூன்று பண்புகள் பெறப்படும். சுமப்பதால் எடைக்கு வரம்புண்டு. ஆற்றலுக்கு முடிவுண்டு. சுற்றிலும் இருள் இருப்பதால், வீட்டில் மங்கலாகத் தோன்றும் ஒளி இங்குப் போதுமானதாகவும், வீட்டில் இயல்பாகத் தோன்றும் ஒளி இங்குக் கூசுவதாகவும் ஆகும். பிளக் பாயின்ட் உள்ள விடுதிக் குடில்களும், காரின் முகப்பு விளக்கை எரியவிட்டுச் சமைக்கும் பழக்கமும் இந்த ஆய்வின் எல்லைக்குப் புறம்பானவை.

2. அளவைகள்

விளக்குப் பெட்டிகளின் மீது அச்சிடப்படும் எண்களைப் படிக்க மூன்று அளவைகளைப் பிரித்தறிய வேண்டும்.

ஒரு விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளியிடும் ஒளியின் மொத்தம் 'ஒளிப்பாய்வு'. இதன் அலகு லூமென். ஒரு மெழுகுவர்த்தியின் ஒளிப்பாய்வு ஏறத்தாழ 12 லூமென். குறிப்பிட்ட ஒரு திசையில் அது எவ்வளவு செறிந்து செல்கிறது என்பது 'ஒளிச்செறிவு'. இதன் அலகு கேண்டெலா. ஒரு பரப்பின் மீது வந்து விழும் ஒளி 'ஒளியூட்டம்'. ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். உச்சி வெயிலில் 1,00,000 லக்ஸ், முழுநிலவில் 0.1 முதல் 0.3 லக்ஸ் வரை, நிலவில்லாத தெளிந்த வானின் கீழ் 0.001 லக்ஸ் அளவு. நம் கண் இவ்வளவு பெரிய வீச்சுக்குள் வேலை செய்கிறது என்பதை வாசகர் மனத்தில் இருத்துவாராக.

கடைக்காரர் சொல்வது லூமென்; கண்ணுக்குப் பயன்படுவது லக்ஸ். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே தேர்வில் நேரும் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். ஒரு கணக்கைப் பார்ப்போம். 100 லூமென் தரும் லாந்தர் வகை விளக்கொன்றை மரக்கிளையில் தொங்கவிடுகிறோம். ஒளி எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதாகக் கொண்டால், ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியூட்டம் 8 லக்ஸ். தூரம் இரட்டித்தால் ஒளியூட்டம் நாலில் ஒன்றாகும் என்பது விதி. ஆகவே இரண்டு மீட்டரில் 2 லக்ஸ், மூன்று மீட்டரில் ஒரு லக்ஸுக்கும் குறைவு. இப்போது நெற்றியில் கட்டிய 30 லூமென் தலைவிளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒளி முழுவதும் வெட்டுப்பலகையைச் சுற்றி 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் விழுமானால், அங்குள்ள ஒளியூட்டம் 100 லக்ஸைத் தாண்டும். பாய்வில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த விளக்கு, பணிப்பரப்பில் பத்து மடங்குக்கு மேற்பட்ட ஒளி தருகிறது. வெங்காயம் நறுக்குபவருக்கு வேண்டியது எது என்பதில் ஐயமில்லை.

'100 மீட்டர் பாயும்' என்பது போன்ற தூரக் குறிப்பையும் இங்கேயே தெளிவுபடுத்த வேண்டும். கைவிளக்குகளுக்கான எஃப்எல்1 தரநிலையின்படி, ஒளியூட்டம் 0.25 லக்ஸாகக் குறையும் தூரமே அவ்விளக்கின் 'எட்டுத்தூரம்'. அதாவது, 100 மீட்டரில் அது தருவது நிலவொளி மட்டுமே. அதே விளக்கு 50 மீட்டரில் 1 லக்ஸும், 25 மீட்டரில் 4 லக்ஸும் தரும். 'எரியும் நேரம்' என்ற குறிப்பும் இத்தகையதே. தொடக்க ஒளி பத்தில் ஒரு பங்காக மங்கும்வரை உள்ள நேரத்தையே அத்தரநிலை எரியும் நேரமாகக் கொள்கிறது. பெட்டியில் 20 மணி என்றிருந்தால் 20 மணி நேரமும் ஒரே ஒளி கிடைக்கும் என்று கொள்ளலாகாது. தரநிலைக் குறிப்பே இல்லாமல் 'லட்சம் லூமென்' என்று அச்சிட்டு வரும் மலிவு விளக்குகளின் எண்களை நாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

3. பணிகளின் வகை

முகாமொளியைக் கருவியின் வடிவத்தால் வகுப்பது வணிக வழக்கம். நாம் பணியால் வகுக்கிறோம். ஒரே கருவி இரு பணிகளுக்கு உதவலாம். ஆயினும் பணிகளைக் கலந்து எண்ணினால் அளவு தவறும்.

முதலாவது நடையொளி. கூடாரத்திலிருந்து ஒதுங்குமிடம் வரை செல்லவும், விடியுமுன் மலையேறவும் வேண்டிய ஒளி இது. மூன்று முதல் ஐந்து மீட்டர் முன்னே தரையில் ஒன்றிரண்டு லக்ஸ் விழுந்தால் போதும். 50 லூமென் இதற்குத் தாராளம். இங்கு அளவைவிட ஒளி புறப்படும் இடம் முக்கியம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தலைவிளக்கின் ஒளி கண்ணுக்கு மிக அருகிலிருந்து புறப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு கல்லின் நிழலும் கல்லுக்குப் பின்னால், நம் பார்வைக்கு எட்டாத இடத்தில் விழுகிறது. நிழல் தெரியாத தரை மேடுபள்ளமில்லாத சமதளமாகத் தோன்றும். அதே விளக்கைக் கழற்றி இடுப்பளவில் பிடித்து நடந்து பார்க்கலாம். உடனே ஒவ்வொரு வேரும் பின்னால் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். குழியின் விளிம்பு கருத்துத் தெரியும். சருகுக் குவியலின் உயரம் புலப்படும். கரடான மலைப்பாதைக்குக் கையில் பிடிக்கும் டார்ச்சே சிறந்தது என்ற முடிவுக்கு இதனால் வருகிறோம்.

நடையொளியில் பாம்பைப் பற்றிய எண்ணமும் அடங்கும். மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுப்பது நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கிலிருந்து. இந்த நான்கும் நாம் தங்கும் நிலங்களில் வாழ்பவை. கண்ணாடி விரியன் சருகின் நிறத்தோடு ஒன்றிக் கிடக்கும். கட்டுவிரியன் இரவில் இரை தேடும். தரையில் படுத்திருப்பவரை வலி தெரியாமல் கடித்துவிடும். எனவே கால் வைக்கும் இடத்தையும், செருப்பைத் தொடுமுன் அதன் உட்புறத்தையும், பாயைத் தூக்குமுன் அதன் ஓரத்தையும் பார்ப்பதற்கு ஒளி வேண்டும். 300 மீட்டர் பாயும் கற்றை இவற்றில் எதற்கும் உதவாது. அது மையத்தில் கூசும் வெள்ளை வட்டத்தையும் காலடியில் இருளையும் தரும். அகன்று விழும் மென்மையான கற்றையே இங்குத் தேவை.

இரண்டாவது கையொளி. சமையல், முடிச்சுப் போடுதல், மருந்துச் சீட்டைப் படித்தல் ஆகிய நுண்பணிகளுக்கானது. தலைவிளக்கு தனக்குரிய இடத்தைப் பெறுவது இங்கேதான். இரு கைகளும் ஒழிவாயிருக்கும். பார்வை செல்லும் இடத்துக்கு ஒளியும் செல்லும். 30 லூமென் போதும் என்று மேலே கண்டோம். தலைவிளக்கு கட்டியவர் எதிரிலிருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசும்போதெல்லாம் அவர் கண் கூசுகிறது. பேசுமுன் விளக்கைக் கீழ்நோக்கித் திருப்புவது முகாம் நாகரிகத்தின் முதற்பாடமாகக் கற்பிக்கத்தக்கது.

மூன்றாவது கூட்டொளி. நால்வர் ஐவர் வட்டமாக அமர்ந்து உண்ணவும் பேசவும் வேண்டியது. முகம் தெரிய 2 லக்ஸ் போதுமாதலால், நடுவில் வைத்த 100 லூமென் லாந்தர் ஒரு குடும்பத்துக்கு நிறைவாக இருக்கும். அதைக் கண்மட்டத்துக்கு மேல் தொங்கவிட வேண்டும், அல்லது மேலே வெள்ளைத் துணி போர்த்த வேண்டும்.

நான்காவது துயிலொளி. கூடாரத்துக்குள் தண்ணீர்ப் பாட்டிலையும் போர்வையையும் தேட 5 முதல் 10 லூமென். இதற்கு மேல் எதுவும் வேண்டா.

ஐந்தாவது இடரொளி. வழி தவறினாலோ ஒருவர் காயமுற்றாலோ எடுப்பதற்கென்று தனியே வைக்கும் கைவிளக்கு இது. மற்ற எந்தப் பணிக்கும் இதைத் தொடலாகாது. மலையேறுவோரிடையே உலகெங்கும் வழங்கும் இடர்க்குறி, நிமிடத்துக்கு ஆறு முறை ஒளிவிட்டுப் பின் ஒரு நிமிடம் நிறுத்துவது. மறுமொழி நிமிடத்துக்கு மூன்று முறை. குழுவிலுள்ள சிறுவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்துப் புறப்பட வேண்டும்.

4. ஒளியூற்றுகள்

சுடர், வலை, இருமுனையம் என்று ஒளியூற்றுகள் மூவகைப்படும். அரிக்கேன் விளக்கும் மெழுகுவர்த்தியும் முதல் வகை. பெட்ரோமாக்ஸ் இரண்டாம் வகை. எல்இடி மூன்றாம் வகை.

இன்று பெட்ரோமாக்ஸை யாரும் முகாமுக்குச் சுமப்பதில்லை. ஆயினும் அதன் வலையாகிய மேண்டிலைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச நமக்கு உரிமையுண்டு. ஆஸ்திரிய வேதியியலாளர் அவுர் ஃபொன் வெல்ஸ்பாக் 1885இல் மேண்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர்த் தோரியம் ஆக்சைடோடு ஒரு விழுக்காடு அளவு சீரியம் ஆக்சைடு சேர்த்தபோது அது வெண்ணிறமாக ஒளிர்ந்தது. அந்தத் தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டியிருந்தது. அம்மணல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடப்பதை ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் 1909இல் கண்டறிந்தார். அதன்பின் ஐரோப்பிய நகரங்களின் இரவை நம் கரை மணல் ஒளிரச் செய்தது. புது மேண்டிலைக் கட்டி முதன்முறை கொளுத்தும்போது துணி கருகிச் சுருங்கும். எஞ்சுவது ஆக்சைடுச் சாம்பலால் ஆன வெண்மையான கூடு. விரல் பட்டாலே அது உதிர்ந்துவிடும். மலைப்பாதையில் ஒருமுறை குலுங்கினால் அத்தோடு விளக்கின் ஆயுள் முடிந்தது. இரண்டு கிலோவைத் தாண்டும் எடையும், மண்ணெண்ணெயும், பம்பும் இதனோடு சேரும்.

சுடர்வகை முழுவதையும் முகாமிலிருந்து விலக்க வேண்டும் என்பது நம் உறுதியான முடிவு. காரணம் இரண்டு. மூடிய கூடாரத்துள் எரியும் எந்தச் சுடரும் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு மணமில்லை, உறங்குபவர் விழிப்பதில்லை. மற்றொன்று காட்டுத்தீ. மாசி, பங்குனியில் மலைப்புல் காய்ந்து நிற்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறச் சென்ற 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அவர்களில் சென்னையிலிருந்து சென்றவர்களும் உண்டு. அதன்பின் மலையேற்றத்தை முறைப்படுத்த அரசு விதிகள் வகுத்தது. அனுமதியின்றிக் காப்புக்காட்டில் இரவு தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம் என்பதை விளக்குத் தேர்வின் ஒரு பகுதியாகவே நாம் கருதுகிறோம்.

எஞ்சுவது எல்இடி. நீல எல்இடியை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலத்தின் மீது மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசித்தான் இன்றைய வெள்ளை விளக்கு செய்யப்படுகிறது. ஆகவே வெள்ளை எல்இடி எதிலும் அடியில் நீலம் இருக்கும். அடுத்த பிரிவுக்கு இச்செய்தி அடிப்படை.

5. நிறம்

வெள்ளொளியின் சாயலைக் குறிப்பது 'நிறவெப்பநிலை', அலகு கெல்வின். 2,700 கெல்வின் குண்டு பல்பின் மஞ்சள்; 6,500 கெல்வின் நீலம் கலந்த வெண்மை. கடையில் 6,500 பளிச்சென்று தோன்றுவதால் அதையே வாங்குகின்றனர். மூன்று காரணங்களால் நாம் 3,000 கெல்வினையும் அதற்குக் கீழுள்ளவற்றையும் பரிந்துரைக்கிறோம்.

முதற்காரணம் கண். விழித்திரையின் கம்புச் செல்களே மங்கலில் காண்பவை. ஒளியிலிருந்து இருளுக்கு வந்தபின் அவை முழுத்திறன் பெற 20 முதல் 30 நிமிடம் ஆகும். இதனை 'இருட்பழக்கம்' என்போம். நீலப்பச்சை ஒளி இச்செல்களை மிகுதியாகத் தாக்கும். ஆழ்ந்த சிவப்பு ஏறக்குறையத் தாக்குவதில்லை. வானியலாளர் சிவப்பு விளக்கைப் பயன்படுத்துவது இதனால்தான். ஜவ்வாது மலைத்தொடரில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்ததற்கும், 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டதற்கும் அம்மலையின் இருள் ஒரு காரணம். ஜி.எஸ்.டி. சாலை வெளிச்சத்தில் வளர்ந்த புறநகர்ப் பிள்ளைகள் பால்வெளியைக் காணும் வாய்ப்பு ஜமுனாமரத்தூரில்தான் கிடைக்கிறது. அங்கே 1,000 லூமென் விளக்கை ஒருமுறை எரித்தால் அனைவருக்கும் அரைமணி நேர வானம் போய்விடும். சிவப்பொளிக்கு ஒரு வரம்பும் உண்டு. அதன் கீழ் இரத்தம் தனித்துத் தெரியாது. ஆகவே காயத்தைப் பார்க்க, நிறங்களை உள்ளபடி காட்டும் வெள்ளொளி இடரொளியாக இருந்தே தீர வேண்டும். பெட்டியில் 'சிஆர்ஐ 90' என்றிருப்பின் நன்று.

இரண்டாவது, பூச்சி. நீலமும் புறவூதாவும் பூச்சிகளை ஈர்ப்பவை. மஞ்சள் அவ்வளவு ஈர்ப்பதில்லை. ஐப்பசி மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும்போது இதைக் கண்ணால் காணலாம். விளக்கடியில் குழி தோண்டி ஈசல் பிடிப்போர் இந்த இயல்பை நெடுங்காலமாக அறிந்தவர்கள். அவர்களுடைய முறையையே திருப்பிப் பயன்படுத்தலாம். வெண்ணிற விளக்கொன்றைச் சாப்பிடும் இடத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி வைத்து, உண்ணுமிடத்தில் மஞ்சள் விளக்கை எரித்தால் சோற்றில் சிறகு விழுவது பெரிதும் குறையும்.

மூன்றாவது காரணம் கடற்கரைக்கே உரியது. நம் நெஞ்சுக்கு மிக நெருங்கியதும் இதுவே. தை முதல் பங்குனி வரை சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவருகின்றன, பெரும்பாலும் இரவில். மனிதர் விளக்கு இல்லாத கரையில் கடல்பக்க அடிவானமே வெளிச்சமானது. குஞ்சு அதை நோக்கி ஓடும். கரைப்பக்கம் விளக்கெரிந்தால் அது சாலையை நோக்கி ஓடி மடியும். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காப்பதற்கு இந்த ஒளியும் ஒரு காரணம். ஆகவே சனவரி முதல் மே வரை கடலோரத்தில் தங்குவோர் மணலை நோக்கி எந்த விளக்கையும் திருப்பலாகாது. கூட்டொளியைக் கூடாரத்தின் நிலப்பக்கம் வைத்து மூட வேண்டும். நடக்கச் சிவப்பொளி, அதுவும் காலடிக்கு மட்டும். ஆமையைக் கண்டால் அவ்விளக்கையும் அணைத்துவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். படம் எடுக்க பிளாஷ் அடிப்பது கூடவே கூடாது.

6. ஆற்றல் கணக்கு

லூமெனை மணியால் பெருக்கி வரும் தொகையை 'ஒளிமணி' என வரையறுக்கிறோம். நால்வர் இரண்டு இரவுகள் தங்குவதாகக் கொள்வோம். 100 லூமென் கூட்டொளி இரவுக்கு நான்கு மணி நேரம்: 800 ஒளிமணி. எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமென் தருமெனில் 8 வாட்மணி; மின்சுற்றிலும் கண்ணாடியிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாவதால் 10 வாட்மணி வேண்டும். 18 மில்லிமீட்டர் தடிப்பும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள '18650' லித்தியம் செல் 3.6 வோல்ட், 3,000 மில்லி ஆம்பியர்மணி உடையது, அதாவது 10.8 வாட்மணி. ஒரே செல் இரண்டு இரவுக்குச் சரியாகப் போதும். தலைவிளக்குக்கு ஒருவருக்கு இரண்டு இரவில் மூன்று வாட்மணிக்குள்தான் ஆகும். சிறிய டிரிபிள்-ஏ செல் மூன்று போதும், மாற்றாக இன்னொரு மூன்று.

இவ்வளவு குறைந்த தேவைக்குப் பலர் 10,000 மில்லி ஆம்பியர்மணி பவர் பேங்க் இரண்டு மூன்றைச் சுமக்கின்றனர். 37 வாட்மணி உள்ள அப்பெட்டியிலிருந்து வெளிவருவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதையும் உண்பது விளக்கல்ல, கைப்பேசி. ஒருமுறை முழுதாக ஏற்ற அது 15 வாட்மணிக்கு மேல் எடுக்கும். கைப்பேசியின் டார்ச்சை நடையொளியாகப் பயன்படுத்துவது இதனாலேயே தவறு: 108ஐ அழைக்க வேண்டிய நேரத்துக்கான ஆற்றலை ஒதுங்குமிடம் செல்வதற்குச் செலவிடுகிறோம்.

7. நீரும் பேணலும்

மழைக்கு ஐபிஎக்ஸ்4 குறியுள்ள விளக்கு போதும். தெறிக்கும் நீரைத் தாங்கும். ஓடையைக் கடப்போர் ஐபிஎக்ஸ்7 கொள்க. ஒரு மீட்டர் நீரில் அரைமணி தாங்கும். பயணம் முடிந்ததும் சாதாரண ஆல்கலைன் செல்களை விளக்கிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். விட்டுவைத்தால் கசிந்து தகட்டை அரிக்கும். லித்தியம் செல்களைப் பாதி ஏற்றத்தில், வெயில் படாத இடத்தில் வைப்பது அவற்றின் ஆயுளை நீட்டும்.

இவ்விதிக்குப் புறநகர்வாசிகள் ஒரு விலக்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி பிறந்ததும் எல்லாச் செல்களையும் முழுமையாக ஏற்றி வைத்துவிட வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதியை ஒட்டிய ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், பள்ளிக்கரணை பகுதித் தெருக்கள் மின்சாரமின்றி நாட்கணக்கில் நீரில் நின்றன. அத்தகைய இரவுகளில் மாடிப்படிக்கும் அடுப்படிக்கும் 30 லூமென் போதும். அந்த அளவில் முழு ஏற்றமுள்ள ஒரு 18650 செல் 28 மணி நேரம் எரியும். இரவுக்கு ஏழு மணி நேரம் என்று கொண்டால் நான்கு இரவுகள்.